அக்குபங்சர் சிகிச்சையாளர்: யார் பயிற்றுவித்தார், யார் பதிவு செய்தார்?

குறுவை நடவு முடிந்து களையெடுப்பும் தீர்ந்தபின் டெல்டா கிராமங்களில் இடுப்பு வலியும் முழங்கால் வலியும் பேச்சில் ஏறிவிடும். நடவு இயந்திரம் வந்துவிட்டதுதான். ஆனாலும் குனிந்து நட்டு, குனிந்து களை பறித்து, குனிந்தே அறுத்துப் பழகிய முதுகுகள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது என்று ஒருவர் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர், "அக்குபங்சர் பார்க்கிறவர் ஒருத்தர் இருக்கார், நாடி பிடிச்சே சொல்லிடுவார்" என்பார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என எந்த ஊர்க் கடைவீதியிலும் அப்படி ஒரு பலகையைப் பார்க்கலாம். "மருந்தில்லா மருத்துவம்" என்று பெரிய எழுத்திலும், அதன் கீழே "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று சிறிய எழுத்திலும் இருக்கும்.

அந்தச் சிறிய எழுத்து உண்மையா என்று கேட்டால், பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் பயன்படும். பணம் கட்டி இந்தப் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கும் பயன்படும்.

டெல்லி சொன்னது என்ன?

மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர் 25 அன்று ஓர் உத்தரவு வெளியிட்டது. மாற்று மருத்துவம் என்ற பெயரில் நாட்டில் நடப்பவற்றை நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்து முடித்திருந்தது. எலக்ட்ரோபதி, காந்த சிகிச்சை, ரெய்கி, ரத்தினக்கல் சிகிச்சை என்று நீண்ட பட்டியலில் பெரும்பாலானவற்றை அந்தக் குழு ஏற்கவில்லை. தப்பியவை இரண்டு: அக்குபங்சரும் ஹிப்னாடிச சிகிச்சையும். அவற்றையும் தனி மருத்துவ முறையாக அரசு ஏற்கவில்லை. சிகிச்சை வழிகள் என்ற அளவில் ஏற்று, பதிவு பெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்றது. 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளும் உரிமை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே என்றும் அந்த உத்தரவு சொன்னது.

பதினைந்து ஆண்டு கழித்து, 2019 பிப்ரவரியில், மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை இன்னும் ஒரு படி மேலே போய், அக்குபங்சரைத் தனித்த நலப் பராமரிப்பு முறையாக ஏற்றது. பலகைகளில் "அரசு அங்கீகாரம்" என்ற வரி அதிகமானதற்கு இந்த அறிவிப்பும் ஒரு காரணம்.

இந்த இரண்டு உத்தரவுகளிலும் ஏற்கப்பட்டது சிகிச்சை முறை. அதைச் செய்கிற ஆள் அல்ல. 'தகுந்த பயிற்சி' என்றால் எத்தனை மணி நேரம், யாரிடம், எந்தப் பாடத்திட்டம், யார் வைக்கும் தேர்வு என்பதை 2003 உத்தரவு வரையறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். படித்தவருக்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமும் மாநில மருத்துவ கவுன்சிலின் பதிவேடும் இருக்கின்றன. அக்குபங்சருக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவில்லை. சாலையில் வண்டி ஓடலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தைத்தான் திறக்கவில்லை.

மருத்துவம் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய துறை. மேற்கு வங்கம் 1996-லேயே அக்குபங்சர் சிகிச்சை முறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மகாராஷ்டிரம் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கவுன்சிலும் பதிவேடும் அமைத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அக்குபங்சருக்கு இப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. ஆகவே தஞ்சாவூரில் ஒருவர் "நான் பதிவு பெற்ற அக்குபங்சர் நிபுணர்" என்றால், எந்தப் பதிவேட்டில் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கொல்கத்தா ஒரு வழி, கொழும்பு ஒரு வழி

வங்காளம் முந்திக்கொண்டதற்கு ஒரு கதை உண்டு. ஜப்பான் படையெடுப்பில் சிக்கியிருந்த சீனாவுக்கு 1938-இல் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அடல் தலைமை, சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி மற்ற நால்வர். சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் 1942 டிசம்பரில் அங்கேயே இறந்தார். பிஜோய் குமார் பாசு ஊர் திரும்பினார். 1958-இல் மறுபடி சீனா போனவர் அங்கே அக்குபங்சர் கற்று வந்து, அடுத்த ஆண்டு கொல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். அவர் நவீன மருத்துவம் படித்தவர். உடற்கூறு அறிந்த கையோடுதான் ஊசியை எடுத்தார். அவரைச் சுற்றி வளர்ந்த கூட்டம் சட்டம் கேட்டுப் போராடியதில் வியப்பில்லை.

நமக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் இருந்தது. கொழும்பு களுபோவில அரசு மருத்துவமனையில் மருத்துவராக இருந்த ஆன்டன் ஜயசூரிய அங்கே நடத்திய அக்குபங்சர் பிரிவு உலகப் புகழ் பெற்றது. பல நாட்டு மாணவர்கள் வந்து கற்றார்கள். அதோடு சேர்ந்து வளர்ந்த 'திறந்த சர்வதேசப் பல்கலைக்கழகம்' என்ற அமைப்பு எம்.டி. (அக்கு), பி.எச்டி. என்றெல்லாம் பட்டங்கள் வழங்கியது. அது இலங்கைப் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற பல்கலைக்கழகம் அல்ல. கொழும்பில் கற்ற கைத்திறன் சிலரிடம் மெய்யாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த 'எம்.டி.' இந்தியச் சட்டப்படி மருத்துவப் பட்டம் ஆகாது. பெயருக்குப் பின்னால் இந்த எழுத்துகளை இன்றும் காணலாம்.

தமிழ்நாட்டில் மூன்றாவதாக ஒரு கிளை தழைத்தது. ஊசியே வேண்டாம், நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியைத் தொட்டால் போதும் என்பது அந்தக் கிளையின் கொள்கை. தன்னை 'ஹீலர்' என்று அழைத்துக்கொள்ளும். மருந்துகளைப் பற்றி அதற்குக் கடுமையான கருத்து உண்டு. பாசுவின் கொல்கத்தாவுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. ஒரே பலகையின் கீழ் இந்த மூன்று வகையினரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் நிற்கும் நோயாளிக்கு அது தெரிவதில்லை.

எத்தனை மணி நேரம் போதும்?

இந்தியச் சட்டம் அளவுகோல் தராத இடத்தில் கையில் கிடைக்கும் அளவுகோல் உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட அடிப்படைப் பயிற்சி, பாதுகாப்பு வழிகாட்டி. மருத்துவப் படிப்பு இல்லாதவர் முழுநேர அக்குபங்சர் சிகிச்சையாளர் ஆவதற்கு அது சொல்வது 2500 மணி நேரம். முழுநேரமாகப் படித்தால் இரண்டு ஆண்டு. அதில் 1000 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்முறையும் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சியும் இருக்க வேண்டும். ஏற்கெனவே மருத்துவரானவர் அக்குபங்சரை முழுமையாகக் கற்க 1500 மணி நேரம். தன் துறையில் ஒரு துணைக் கருவியாக மட்டும் பயன்படுத்த நினைக்கும் மருத்துவருக்குக்கூடக் குறைந்தது 200 மணி நேரம்.

நம் ஊரில் பரவலாக நடப்பது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஒரு ஞாயிறுகூட விடாமல், நாளுக்கு ஆறு மணி நேரம், ஓராண்டு முழுக்க வகுப்பு நடந்தாலும் 312 மணி நேரம்தான் ஆகும். அந்த வேகத்தில் 2500 மணியைத் தொட எட்டு ஆண்டு பிடிக்கும். மூன்று மாத 'ஆன்லைன்' வகுப்பைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ஜூமில் நாடி பிடிக்க முடியாது.

"ஒரு சின்ன ஊசி குத்த இவ்வளவு படிப்பா?" என்று கேட்கலாம். ஊசி மெலிதுதான், கால் மில்லிமீட்டர் கனம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் உள்ள 361 புள்ளிகளை மனப்பாடம் செய்வதும் முடியாத காரியம் அல்ல. கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில், தோள்மேட்டில் ஒரு புள்ளி இருக்கிறது. கழுத்துப் பிடிப்புக்கு உலகெங்கும் குத்தும் இடம். அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஒல்லியான ஒரு பெண்ணுக்கு அங்கே நேராக ஆழக் குத்தினால் நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்து மூச்சுத் திணறும். எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்தில், எப்படிப்பட்ட உடம்பில் என்பதைப் புத்தகத்தில் படித்தால் பாதிதான் புரியும். மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க, பல உடம்புகளைத் தொட்டுத்தான் கை பழக வேண்டும். அந்த 1000 மணி நேரம் இதற்காக.

சுத்தமும் அப்படித்தான். அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 1984-இல் ஒரே அக்குபங்சர் நிலையத்தில் சிகிச்சை பெற்ற 35 பேருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றியது. சரியாகக் கிருமி நீக்காத ஊசியால் என்ன ஆகும் என்பதற்குப் பாடநூல்களில் இன்றும் வரும் உதாரணம் அது. இன்று ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி மலிவாகக் கிடைக்கிறது. உறையைக் கண்முன் பிரிக்க வேண்டும். பயன்படுத்தியதைக் குத்தினால் துளைக்காத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதி கூர்மையான கழிவுக்கு வைத்திருக்கும் ஏற்பாடு அது. வடவாற்றங்கரைக் குப்பைமேட்டில் அந்த ஊசி போய்ச் சேர்ந்தால், காலில் செருப்பில்லாமல் நடக்கிறவருக்குத்தான் ஆபத்து.

டெல்டாவுக்கென்று தனிப் பாடம் ஒன்றும் வேண்டும். கும்பகோணம் வட்டாரம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போனது. வயதானவர்களில் அந்த வீக்கம் உள்ள கால்களை இன்றும் காண்கிறோம். நிணநீர் தேங்கி வீங்கிய காலில் ஊசி குத்துவதைத் தவிர்க்க வேண்டும். சிறு துளையும் கிருமிக்கு வாசல். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த பாதத்துக்கும் அதே எச்சரிக்கை. இதய அடைப்புக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், கர்ப்பிணி, பேஸ்மேக்கர் வைத்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தடை உண்டு. பேஸ்மேக்கர்காரருக்கு ஊசியில் மின்சாரம் இணைக்கும் சிகிச்சை ஆகாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, எந்த நோயாளியை உட்கார வைக்கவே கூடாது என்று தெரிவது. இடுப்பு வலியோடு வந்தவருக்குச் சிறுநீர் அடங்காமல் போகிறதா, காலில் பலம் குறைகிறதா? அது தண்டுவட நரம்பு நசுங்கும் அறிகுறி. அன்றைக்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் இளைப்பும் இருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். இடது தோள் வலி மாரடைப்பாக இருக்கலாம். நல்ல பயிற்சியில் கணிசமான நேரம் இப்படித் திருப்பி அனுப்பக் கற்பதற்கே போகும். மோசமான பயிற்சியில் இந்தப் பாடம் இருக்காது. எல்லா நோயும் ஏதோ ஒரு நாடியின் குறைவு என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

சுவரில் தொங்கும் சட்டங்கள்

சிகிச்சை நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் சுவரைப் படிக்கலாம். சட்டம் போட்டு மாட்டிய தாள்களுக்குக் குறைவிருக்காது.

ஒன்று சங்கப் பதிவாக இருக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எந்தச் சங்கத்தையும் பதியலாம். பதிவாளர் அலுவலகம் அந்தச் சங்கத்தின் மருத்துவ அறிவைச் சோதிப்பதில்லை. அறக்கட்டளைப் பத்திரமும் அப்படித்தான். இன்னொன்று உத்யம் பதிவு. சிறுதொழில் நடத்துகிறார் என்பதற்கு மட்டும் அது சான்று. ஐ.எஸ்.ஓ. 9001 என்று தங்க முத்திரையோடு ஒன்று மின்னும். அது நிர்வாக நடைமுறை பற்றியது. ஊசி குத்தும் கையைப் பற்றியது அல்ல. மூன்று சிங்கத் தலைகள் போட்ட தாள் இருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள். தனியார் அமைப்பு அரசு முத்திரையைத் தன் சான்றிதழில் போட்டுக்கொள்வதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

பல்கலைக்கழகம் என்ற சொல் வந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956-இன் 22-ஆம் பிரிவுப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களும்தான் பட்டம் கொடுக்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு வெளியிடுகிறது, கைப்பேசியில் பார்த்துவிடலாம். மெய்யான பல்கலைக்கழகம் தரும் பட்டயமாகவே இருந்தாலும், அது படித்ததற்கான சான்று. தொழில் செய்ய உரிமம் தருகிற கவுன்சில் வேறு. சட்டம் படித்தவரெல்லாம் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. பார் கவுன்சிலில் பதிய வேண்டும். அக்குபங்சருக்கு இங்கே அந்த இரண்டாவது படிதான் இல்லை.

அப்படியானால் தமிழ்நாட்டில் சட்டத்தின் முழுக் கூரையின் கீழ் நின்று அக்குபங்சர் செய்பவர்களே இல்லையா? இருக்கிறார்கள். இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பி.என்.ஒய்.எஸ். பட்டப்படிப்பு பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. அதன் பாடத்திட்டத்தில் அக்குபங்சர் ஒரு பாடம். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. அங்கே படித்து மாநிலப் பதிவு பெற்றவர் ஊசியை எடுத்தால், அவருக்கு ஒரு பதிவு எண் இருக்கும். தவறு நடந்தால் விசாரிக்க ஓர் இடம் இருக்கும். அக்குபங்சர் கற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கும் இதே நிலைதான். சித்த மருத்துவத்தின் வர்மத்தையும் அக்குபங்சரையும் சிலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். வர்மம் வேறு மரபு, வேறு புள்ளிகள், வேறு படிப்பு.

"நான் ஊசியே குத்துவதில்லையே!"

தொடு சிகிச்சைக்காரர்கள் சொல்லும் வாதம் இது. ஊசி இல்லை, மருந்து இல்லை, பிறகு எதற்குச் சட்டம் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் விரல் நுனியால் ஆபத்து இல்லை. அந்த விரல் தொட்டபின் வாயிலிருந்து வரும் "மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்ற வாக்கியத்தால்தான் ஆபத்து. இன்சுலினை நம்பி வாழும் பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாளில் உயிர் போகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வரும். வயலில் விஷப் பாம்பு கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து தவிர வேறு வழியில்லை. அங்கே கழியும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் நேமத்தில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று தாயும் குழந்தையும் இறந்தார்கள். அந்த வழக்கில் அக்குபங்சர் செய்துவந்த ஒருவரும் கைதானார். அங்கே ஊசியால் யாரும் சாகவில்லை. மருத்துவமனைக்குப் போகாததால் செத்தார்கள்.

இதற்காக அக்குபங்சர் முழுக்க ஏமாற்று என்று ஒதுக்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நாள்பட்ட முதுகு வலி, கழுத்து வலி, முழங்கால் தேய்மானம், தலைவலி ஆகியவற்றுக்கு ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பு 39 ஆய்வுகளில் கலந்துகொண்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்தது. சிகிச்சையே பெறாதவர்களைவிட அக்குபங்சர் பெற்றவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது. பொய்யாகக் குத்தப்பட்டவர்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் சிறிதாக இருந்தது; ஆனால் இருந்தது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-இல் இடுப்பு வலிக்கான பரிந்துரையிலிருந்து அக்குபங்சரை நீக்கியது. 2021-இல் காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்கு ஒரு சுற்று முயன்று பார்க்கலாம் என்றது. அறிவியலின் கணக்கு இவ்வளவுதான்: வலிக்கு ஓரளவு துணை. சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் தீர்வு என்று பலகையில் எழுத அதில் ஆதாரம் இல்லை. தன் எல்லையைச் சொல்லத் தெரிந்த சிகிச்சையாளரை நான் நம்புவேன். எந்த நோய்க்கும் முடியாது என்று சொல்லாதவரிடமிருந்து விலகியே நிற்பேன்.

கடல் தாண்டினால்

பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்து வீடுகளில் சிங்கப்பூருக்கு ஆள் போகாத வீடு குறைவு. அங்கே போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் சீன மரபு மருத்துவச் சட்டம் 2000-இல் வந்தது. அக்குபங்சர் செய்ய விரும்புகிறவர் அதற்கான வாரியத்தில் பதிய வேண்டும். ஒருவர் பதிவு பெற்றவரா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். மலேசியா 2016-இல் மரபு மருத்துவத்துக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலை முதல் நாடு முழுக்க ஒரே பதிவேடு. அதில் இல்லாதவர் தன்னை அக்குபங்சர் நிபுணர் என்று அழைத்துக்கொள்வதே குற்றம். தஞ்சாவூரில் பெற்ற ஞாயிறு வகுப்புச் சான்றிதழோடு சிங்கப்பூரில் கடை திறக்க முடியாது. இங்கே அந்தத் தடை இல்லை என்பது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த சலுகை என்று சிலர் பேசுகிறார்கள். உழைத்துப் படித்தவருக்கும் மூன்று மாதத்தில் தாள் வாங்கியவருக்கும் ஒரே மதிப்பு என்றால், அதில் இழப்பவர் முதலாமவர்தான்.

என்ன கேட்கலாம்?

சிகிச்சைக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அவருடைய அடிப்படைப் படிப்பு என்ன, எந்த கவுன்சிலில் பதிவு, எண் என்ன என்பது. கவுன்சில் பதிவு இல்லை என்றால் எங்கே, எத்தனை ஆண்டு கற்றார், நோயாளிகளிடம் யார் மேற்பார்வையில் பயின்றார் என்று கேளுங்கள். முறையாகக் கற்றவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார், பெருமையாகவே சொல்வார். ஊசி புதிதா என்று பாருங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை அவர் கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள். கேட்காமலே நாடியில் கை வைக்கிறார் என்றால் அதுவும் ஒரு பதில்.

முக்கியமாக, உங்கள் பெயரில் ஒரு நோயாளிக் குறிப்பு எழுதுகிறாரா? இதில் தஞ்சாவூர்க்காரர்கள் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தபோது, ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதி, நோயுற்ற கண்ணின் வண்ணப் படத்தையும் வரைய வைத்தார். சரசுவதி மகால் நூலகத்தில் அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. அவரது தன்வந்திரி மகாலில் பல முறை வைத்தியர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். கைகண்ட முறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்று தொகுக்கப்பட்டன. எந்த நாளில் என்ன நோயோடு வந்தார், என்ன செய்தோம், என்ன ஆனது என்று எழுதி வைத்தால்தான் அடுத்தவர் சோதித்துப் பார்க்க முடியும். இருநூறு ஆண்டுக்கு முன் அரண்மனையில் செய்ததை இன்று ஒரு நாற்பது பக்க நோட்டில் செய்யலாம். அதைக்கூடச் செய்யாதவர் எத்தனை பேரைக் குணப்படுத்தினேன் என்று எண்ணிக்கை சொன்னால், எதைப் பார்த்து எண்ணினார்?

படிப்பில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு வேறு கேள்விகள். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவரானால், பி.என்.ஒய்.எஸ். போன்ற பதிவு உள்ள படிப்பில் சேர்ந்து அதன் வழியாக அக்குபங்சருக்கு வருவதே நீண்டகாலத்துக்குப் பாதுகாப்பு. அது முடியாமல் பட்டயத்தில் சேர்கிறவர், பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தை எழுத்தில் வாங்க வேண்டும். மொத்த மணி நேரம் எவ்வளவு, அதில் நோயாளிகளோடு எவ்வளவு, உடற்கூறு யார் நடத்துகிறார், எந்த மருத்துவமனையில் பயிற்சி, மேற்பார்வையாளரின் தகுதி என்ன என்று பார்க்க வேண்டும். "முடித்ததும் டாக்டர் போட்டுக்கொள்ளலாம்" என்று நிறுவனம் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். மற்ற உறுதிமொழிகளும் அதே தரத்தில்தான் இருக்கும். பட்டயத்தை நம்பி நவீன மருந்து எழுதிக் கொடுத்தாலோ ஊசி மருந்து போட்டாலோ, அது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவின் கீழ் வரும். ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

போலி என்று சந்தேகம் வந்தால் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கும் புகாருக்கும் 104 என்ற எண் இருக்கிறது. ஆனால் புகாரை வாங்கும் அதிகாரியின் கையில் இன்று இருப்பது போலி மருத்துவருக்கான பொதுச் சட்டம். அக்குபங்சர் நன்றாகச் செய்தாரா, தவறாகச் செய்தாரா என்று அளக்க அவரிடம் கோல் இல்லை. சில நேரம் நல்லவர் கடையும் சேர்த்து மூடப்படுகிறது. சில நேரம் ஆபத்தானவர், "நான் ஊசி குத்தவில்லை, மருந்து தரவில்லை" என்று சொல்லித் தப்பிவிடுகிறார்.

மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் செய்ததைத் தமிழ்நாடு செய்யக் கூடாது என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தடையாகச் சொல்லப்படுவது, இருபது முப்பது ஆண்டாகச் செய்துவருகிறவர்களை என்ன செய்வது என்பது. பரம்பரைச் சித்த வைத்தியர்களை அனுபவத்தின் பேரில் பதிவேட்டில் சேர்த்த முன்னுதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. குறிப்பிட்ட காலம் கொடுத்து, ஒருமுறை தேர்வு வைத்து, தேறியவரைச் சேர்க்கலாம். தேர்வு தமிழில் இருக்கட்டும். உடற்கூறும் கிருமி நீக்கமும், யாரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதில் கட்டாயம் இருக்கட்டும். தொடு சிகிச்சைக்காரரும் அதே தேர்வை எழுதட்டும். ஊசிப் பகுதியை மட்டும் அவருக்கு விட்டுவிடலாம், கடைசிப் பகுதியை விடக் கூடாது.